தொடர் சாதனைகளைத் தாங்கும் உடல்கள்

2024 ஜனவரியில் கனடாவின் ஐஸ் ஹாக்கி அணியான எட்மண்டன் ஆயிலர்ஸ் விடாமல் வென்றுகொண்டிருந்தபோது, டொராண்டோவில் என்னோடு வேலை செய்யும் எட்மண்டன்காரர் ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்து அந்த ஆட்டங்களைக் காட்டினார். சிறுவயது முதல் அந்த அணியின் வெற்றி தோல்விகளோடு வளர்ந்தவர் அவர். நானோ அதுவரை ஐஸ் ஹாக்கியைச் செய்திகளில் மட்டும் கண்டிருந்தேன்.

அந்தப் பருவத்தின் முதல் 13 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்றிருந்த அணி அது. பயிற்சியாளரை நீக்கினார்கள், கிரிஸ் நோப்ளாக் பொறுப்பேற்றார். டிசம்பர் 21 அன்று தொடங்கிய வெற்றிகள் ஜனவரி 27 அன்று 16ஐத் தொட்டன. 1993இல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் வைத்த 17 என்ற சாதனைக்கு ஒன்றே குறைவு.

எல்லோரும் அணியின் நட்சத்திரம் கானர் மெக்டேவிட்டின் வேகத்தைப் பேசிக்கொண்டிருக்க, நண்பர் கோல்கீப்பர் ஸ்டூவர்ட் ஸ்கின்னரையே பார்க்கச் சொன்னார். பக் எனப்படும் ரப்பர் வட்டு மூலைக்குப் போனதும் அவர் ஒரு காலைக் கம்பத்தோடு ஒட்டவைத்து, மறுகாலை மடக்கிப் பனியில் பதித்து, அடுத்த நொடியே எழுந்து எதிர்ப்பக்கம் பாய்வதை ஆட்டம் முழுக்கக் கவனித்தபோதுதான், தொடர் வெற்றி என்பது கோல் அடிப்பவர்களின் திறமையால் மட்டும் நிற்பதில்லை என்பது எனக்கு உறைத்தது.

ஆயிலர்ஸின் பழைய நட்சத்திரம் வேன் கிரெட்ஸ்கியின் கதையை அவர் அப்போதுதான் சொன்னார். 1983-84 பருவத்தில் கிரெட்ஸ்கி தொடர்ந்து 51 ஆட்டங்களில் புள்ளி எடுத்தார், அதாவது ஒவ்வொன்றிலும் கோல் அடித்தார் அல்லது சக வீரரின் கோலுக்கு வழிசெய்தார் (அசிஸ்ட்): 61 கோல்கள், 92 அசிஸ்ட்டுகள். 44ஆவது ஆட்டம் சிகாகோவில். ஆட்டம் முடிய இரண்டே நொடிகள் இருக்கையில் எதிரணியின் பாஸை மறித்து, அவர்கள் கோல்கீப்பரை வெளியே எடுத்திருந்ததால் காலியாகக் கிடந்த கோலுக்குள் அடித்துத் தொடரைக் காப்பாற்றினார். நாற்பது ஆண்டு கழித்து அதை விவரிக்கும்போதும் நண்பர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸின் கோல்கீப்பர் மார்க்கஸ் மாட்சனைத் தாண்ட முடியாமல் ஜனவரி 28 அன்று தொடர் அறுந்தது. அதற்குள் தோள் அடிபட்டிருந்த கிரெட்ஸ்கி அடுத்த ஆறு ஆட்டங்களில் இறங்கவே இல்லை. எண்ணைவிட அந்தத் தோள்தான் என் மனத்தில் நின்றது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் பிட்ஸ்பர்க்கின் மாரியோ லெமியூ அதே போன்ற தொடரில் 46 ஆட்டங்கள் வரை வந்து, முதுகு வலி தாங்காமல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேற, அந்தத் தொடரும் முடிந்தது.

ஆயிலர்ஸின் தொடர் பிப்ரவரி 6 அன்று லாஸ் வேகஸில் 3-1 என்ற தோல்வியோடு நின்றது. அன்று இரவு மிகவும் வருத்தமாக இருந்தது, மறைப்பதற்கில்லை.

பின்னர் டொராண்டோவின் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய கோல்கீப்பர்களின் முகமூடிகளைப் பார்த்து நிற்கையில் கிளென் ஹால் நினைவுக்கு வந்தார். டெட்ராய்ட்டிலும் பிறகு சிகாகோவிலும், 1955 முதல் 1962 வரை, லீக் சுற்றில் தொடர்ந்து 502 ஆட்டங்களை முகமூடியே இல்லாமல் முழுமையாக ஆடியவர் அவர். பதற்றத்தில் ஆட்டத்துக்கு முன்பு வாந்தி எடுப்பது அவருக்கு வழக்கம். வாயைக் கழுவிக்கொண்டு போய் கோலில் நிற்பார். 1962 நவம்பரில் பாஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் பகுதியில் முதுகுப் பிடிப்பால் அவர் வெளியேறியபோதுதான் அந்தத் தொடர் முடிந்தது.

இந்த அணிகள் ஆடும் என்.எச்.எல். லீக்கின் சாதனைகளில் இதையே நான் முதலில் வைப்பேன். பருவத்துக்கு எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடும் இன்றைய அணிகள் எவ்வளவு சிறந்த கோல்கீப்பரையும் ஓய்வு கொடுத்தே இறக்குகின்றன. ஆயிலர்ஸின் அந்த 16 வெற்றிகளிலும் ஸ்கின்னருடையவை 12. மீதி நான்கில் கோலில் நின்றவர் கால்வின் பிக்கார்ட்.