மசி மட்டும் மேலே வரவில்லை

குழுவின் பெயர்: குடும்பமும் குளமும்

அத்தை (காலை 5:52): யாராவது விழித்திருக்கிறீர்களா? கோய் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. குளத்து அருவி ஓடவில்லை. உங்கள் மாமா போனை எடுக்கவில்லை.

நான்: எழுந்துவிட்டேன் அத்தை. பம்பு சத்தம் கேட்கிறதா?

அத்தை: இல்லை. இரவு இடி இடித்ததே, அப்போதே நின்றிருக்கும்.

அம்மா: பசியாக இருக்குமோ?

அத்தை: இல்லை அண்ணி. பசித்தால் என் கையைப் பார்த்து முட்டி மோதிக்கொண்டு வரும். இப்போது பக்கத்தில் போய் நின்றாலும் கண்டுகொள்ளவில்லை. மசி மட்டும் மேலே வரவில்லை, அடியிலேயே கிடக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மாமா (5:58): ரயிலில் தூங்கிவிட்டேன். மூச்சு முட்டுகிறது அவற்றுக்கு. வாளியால் குளத்து நீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்று. ஊற்றிக்கொண்டே இரு. குழாயைத் திறந்து விடாதே, குளோரின் செவுளை அரித்துவிடும்.

மாமா: மசி துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறதா?

அத்தை: விரித்துத்தான் வைத்திருக்கிறது.

மாமா: அப்படியென்றால் அதற்கு ஒன்றுமில்லை. அது சின்னது. உடம்பு பெருத்தவற்றுக்குத்தான் முதலில் மூச்சு திணறும்.

தங்கச்சி: நேற்று ராத்திரி வரை நன்றாகத்தானே இருந்தன மாமா?

மாமா: விடியற்காலையில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. பகலில் ஆக்சிஜன் கொடுக்கிற பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். பம்பும் நின்றால் கேட்கவே வேண்டாம்.

அத்தை (6:11): உங்கள் அப்பாவும் வாளி எடுத்துக்கொண்டார். பிரேக்கர் விழுந்திருக்கிறது. தூக்கிவிடட்டுமா?

மாமா: வேண்டாம்!! பொறு. முதலில் பில்டரின் அடிவால்வைத் திறந்து அதில் தேங்கிய நீரை முழுக்க வெளியே விடு. குளத்துக்குள் ஒரு சொட்டு போகக் கூடாது.

நான்: ஏன் மாமா?

மாமா: பில்டரில் பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் செவுள் வழியாக விடும் அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குவது அதுதான். நீர் ஓடாமல் மணிக்கணக்கில் நின்றால் காற்றில்லாமல் சாக ஆரம்பிக்கும், உள்ளே நீர் அழுகும். அதை அப்படியே குளத்தில் தள்ளினால், மூச்சு முட்டலில் பிழைத்தது விஷத்தில் போய்விடும்.

அத்தை: திறந்துவிட்டேன். கறுப்பாக வருகிறது. நாற்றம் தாங்கவில்லை.

மாமா: தெளியும்வரை விடு. அப்புறம் பிரேக்கர். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு தொடு. மறுபடி விழுந்தால் விட்டுவிடு, எலக்ட்ரீஷியன் வரட்டும்.

தாத்தா: இந்த வயதில் எனக்கு வாளி வேலை.

அத்தை (6:40): ஓடுகிறது. அருவியும் விழுகிறது. இரண்டு பெரியவை இன்னும் அருவிக்கடியிலேயே நிற்கின்றன. மற்றவை கீழே போய்விட்டன.

அம்மா: அப்பாடா.

மாமா: அமோனியா பார்த்துச் சொல்.

அத்தை (7:05): சோதனைக் குப்பியில் மஞ்சள் லேசாகப் பச்சையாகிறது. 0.25 இருக்கும்.

மாமா: பூஜ்யமாக இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்று. புது நீர் விடும் முன்பே குளோரின் முறிக்கும் மருந்து, குளம் முழுமைக்குமான கணக்கில். இரண்டு நாளைக்கு யாரும் தீனி போடக் கூடாது. தின்றால்தானே அமோனியா.

அத்தை: [படம்] இதோ மசி. மேலே வந்துவிட்டது.

தங்கச்சி: ஐயோ, முகத்தில் மை கொட்டியிருக்கிறது!

அம்மா: தம்பி, வாங்கும்போது சிவப்பும் வெள்ளையுமாகத்தானே இருந்தது? அங்கங்கே பொட்டுக் கறுப்பு, அவ்வளவுதான். உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

மாமா: அக்கா, கறுப்புக்காகத்தான் அதை வாங்கினேன். வெள்ளைக்கு அடியில் நீலச் சாம்பலாக ஒரு நிழல் தெரிந்தது. பின்னால் மேலே வரப்போகிற கறுப்பு அது. ஷோவா வகைக் கோய் என்றால் காத்திருக்க வேண்டும்.

தங்கச்சி: மூன்று நிறம் இருந்தால் சான்கே வகை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

மாமா: சான்கேக்கு வெள்ளைதான் அடித்தளம். கறுப்பு முதுகில் திட்டுத் திட்டாக நிற்கும், தலையில் ஏறாது. ஷோவாவுக்குக் கறுப்பே அடித்தளம். வயிற்றுப் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு மேலே வரும், தலையிலும் ஏறும். மார்புத் துடுப்பின் அடியைப் பார், விசிறிக்குக் கைப்பிடி வைத்தாற்போல் கறுப்பு.

தாத்தா: கெண்டைக்கு இத்தனை பெயரா?

மாமா: கோய் என்றாலே ஜப்பானில் கெண்டைதான் அப்பா. நீகாட்டா மலைக் கிராமங்களில் நெல் விவசாயிகள் தீனிக்கு வளர்த்த கெண்டையில் நிறம் தட்டியதைப் பொறுக்கி வளர்த்தார்கள். 1914 டோக்கியோ கண்காட்சிக்குப் பிறகுதான் வெளியுலகம் பார்த்தது. இந்த ஷோவா வகையை 1927இல் ஜூகிச்சி ஹோஷினோ என்பவர் உருவாக்கினார். அப்போதுதான் ஜப்பானில் ஷோவா பேரரசரின் ஆட்சிக்காலம் தொடங்கியிருந்தது, அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள்.

மாமா: இன்னொன்று கேளுங்கள். மற்ற வகைகளில் குஞ்சைத் தரம் பிரிக்க வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். ஷோவாவில் பொரித்த சில நாளிலேயே கறுப்புக் குஞ்சுகளை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியைக் கழித்துவிடுவார்கள். சிவப்பும் வெள்ளையும் பிறகு அந்தக் கறுப்பிலிருந்துதான் தெளிந்து வரும்.

அம்மா: கழித்ததெல்லாம்?

மாமா: அதைக் கேட்காதே அக்கா.

நான்: அந்தக் கறுப்புக்கு அங்கே சுமி என்று பெயர். மை என்று பொருள். மசி என்று நான் பெயர் வைத்தபோது யாரும் பாராட்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தங்கச்சி: சரி அண்ணா, பாராட்டுகிறோம்.

மாமா: மூக்கிலிருந்து நெற்றிக்குக் கறுப்பு குறுக்கே வெட்டுகிறது பாருங்கள். முகம் இரண்டாகப் பிளந்த மாதிரி. இந்த ஒன்றுக்காகத் தவம் கிடப்பார்கள். நான் ஊரில் இல்லாத நாளில் வந்திருக்கிறது.

அத்தை: இன்றைக்கு வரவில்லை. மூன்று வாரமாக வருகிறது. முதலில் இடது கன்னத்தில் ஊசி முனை அளவு. நீர் குளிர்ந்த நாளில் கருக்கும், வெயில் ஏறினால் கொஞ்சம் மங்கும்.

மாமா: என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அத்தை: தினமும் நீரின் அமில அளவு, பி.எச். எவ்வளவு என்று கேட்டீர்கள். அதைச் சொன்னேன்.

அம்மா: 😄😄😄

மாமா: நேர் மேலேயிருந்து ஒரு படம் எடு. கோயை மேலிருந்துதான் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் பாதிதான் தெரியும்.

அத்தை: வந்து பாருங்கள். எனக்குச் சேற்று நீர் கழுவும் வேலை இருக்கிறது.

தாத்தா (7:48): ஒரு விஷயம். பாவம், பயந்து போயிருந்தன. ஒரு பிடி தீனி போட்டுவிட்டேன்.

மாமா: அப்பா!!!

தாத்தா: குழுவில் எழுதியதைக் கண்ணாடி போட்டுத்தான் படித்தேன், தீனி போட்ட பிறகு.

அத்தை: மிதப்பதை வலையால் அள்ளிக்கொண்டிருக்கிறேன். வலையை உங்கள் அப்பாதான் பிடித்திருக்கிறார். மசி நாலு உருண்டை தின்றுவிட்டது.

மாமா: சரி. மாலை மறுபடி அமோனியா பார்.

அத்தை: பி.எச்.ஸும் பார்க்கட்டுமா?