டச்பேடில் ஸ்க்ரோல் தலைகீழாகப் போகிறது, எங்கே மாற்றுவது?

சிம்மக்கல்வாசி:
புது லேப்டாப், விண்டோஸ் 11. எனக்குப் பத்திரம் டைப் அடிக்கும் வேலை, நாள் முழுக்கப் பக்கங்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இதிலோ இரண்டு விரலைக் கீழே இழுத்தால் பக்கம் முதல் வரிக்கு ஓடுகிறது. மவுஸ் வைக்கக் கடை மேசையில் இடம் கிடையாது. என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
கோளாறு இல்லண்ணே. போனில் தள்ளுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள், ஆப்பிள் 2011-லேயே மேக் கணினியின் லயன் பதிப்பில் இப்படி மாற்றிவிட்டது. செட்டிங்ஸ் போய் புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட், அதற்குள் ஸ்க்ரோல் அண்ட் ஜூம் திறங்கள். ஸ்க்ரோலிங் டைரக்‌ஷனில் ‘டவுன் மோஷன் ஸ்க்ரோல்ஸ் டவுன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ரீஸ்டார்ட் எல்லாம் வேண்டாம்.

திருமங்கலத்தான்:
விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு போட்டிருப்பவர்கள் யாராவது வந்தால், அங்கே மவுஸ் அண்ட் டச்பேட் பக்கத்தில் ஸ்க்ரோல் டைரக்‌ஷனை ‘ட்ரெடிஷனல்’ ஆக்க வேண்டும்; பழைய பதிப்பென்றால் நேச்சுரல் ஸ்க்ரோலிங்கை, அதாவது இந்தப் போன் மாதிரித் தள்ளுவதை, அணைக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு வாரம் அப்படியே பழகிப் பாருங்கள், போனும் லேப்டாப்பும் ஒரே திசையில் போவது வசதிதான்.

சிம்மக்கல்வாசி:
மாற்றிவிட்டேன் தம்பி, சரியாகிவிட்டது. பழகவெல்லாம் நேரமில்லை, வாசலில் ஆள் நிற்கிறது. அப்புறம், டைப் அடிக்கும்போது உள்ளங்கை பட்டு கர்சர் வேறு வரிக்குத் தாவுகிறதே?

வைகைக்கரை:
அதே பக்கத்தில் டேப்ஸ் என்று இருக்கும். சென்சிட்டிவிட்டியை ‘லோ’ ஆக்குங்கள்.