ஓய்வுக்குப் பின் ஆர்வி வண்டியும் குரூஸ் கப்பலும்: வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா?

ஓஹாயோவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் நெடுங்காலமாக ஓஹாயோவில் வசிக்கிறோம். பிள்ளைகள் வேலை நிமித்தமாக மேற்குக் கரைக்குச் சென்றுவிட்டார்கள். எனக்கு இப்போது 64 வயது, மனைவிக்கு 61. அடுத்த ஆண்டு எனக்கு 65 நிறைந்ததும் பணி ஓய்வு பெறவிருக்கிறேன். மனைவியின் மருத்துவக் காப்பீடும் என் அலுவலகத் திட்டத்தில்தான் இருக்கிறது. அதன் பிறகு ஆண்டின் பெரும்பகுதியை ஆர்வி வண்டியில் (உள்ளேயே சமைத்து உறங்கும் வசதியுள்ள நடமாடும் வீடு) அமெரிக்காவையும் கனடாவையும் சுற்றிப் பார்ப்பதிலும், இடையிடையே குரூஸ் கப்பலில் செல்வதிலும் கழிக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை.

வீட்டை விற்று, கிடைக்கும் பணத்தில் நல்ல டீசல் மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கிவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். மனைவிக்கு அதில் முழு மனதில்லை. வண்டி எந்த அளவில் இருக்க வேண்டும், கப்பலில் இருக்கும் வாரங்களில் அதை எங்கே விட்டுவைப்பது, வீட்டு முகவரி இல்லாவிட்டால் காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் என்னவாகும் என்பவை எங்கள் முக்கியமான ஐயங்கள். இப்படி வாழ்ந்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

சாலைத்தோழன் எழுதியது:

வணக்கம் ஐயா. வண்டியைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் விஷயத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது உங்கள் துணைவியாரின் மருத்துவக் காப்பீடு. மற்ற எல்லாமே அதைச் சார்ந்துதான் அமையும்.

நீங்கள் 65 வயதில் மெடிகேருக்கு, அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு, வந்துவிடுவீர்கள். அம்மா அவர்களுக்கு அதன் பிறகும் மூன்று ஆண்டுகள் காப்பீடு தேவை. அரசின் காப்பீட்டுச் சந்தையில் கிடைக்கும் தனிநபர் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு மாநிலத்துக்குள், சில வேளைகளில் சில மாவட்டங்களுக்குள் உள்ள மருத்துவர்களையே ஏற்கும். வெளிமாநிலத்தில் அவசர சிகிச்சையைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. மாதத்துக்கு ஒரு மாநிலம் மாறும் ஒருவருக்கு இது போதாது. ஆனால் உங்களுக்குச் சாதகமாகக் கோப்ரா சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கிறது. வேலையை விட்டால் குடும்பத்தினர் அலுவலகக் காப்பீட்டைத் தங்கள் செலவில் 18 மாதம் தொடரலாம் என்பதுதான் பலரும் அறிந்தது. பணியாளர் வேலையை விடுவதற்கு முந்தைய 18 மாதங்களுக்குள் மெடிகேரில் சேர்ந்திருந்தால், அவர் சேர்ந்த நாளிலிருந்து 36 மாதம் வரை வாழ்க்கைத்துணை அந்தத் திட்டத்தில் தொடர முடியும். அதாவது முதலில் மெடிகேர், பிறகு ராஜினாமா என்ற வரிசை மாறாமல் இருந்தால், அம்மா ஏறக்குறைய 65 வயது வரை இப்போதைய காப்பீட்டிலேயே இருக்கலாம். 20 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்கே இந்தச் சட்டம் பொருந்தும். நிறுவனம் செலுத்தி வந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் நீங்களே கட்ட வேண்டும் என்பதால் தொகை பெரிதாகத்தான் இருக்கும். இருந்தாலும், உங்கள் திட்டம் நாடு முழுவதும் செல்லுபடியாகும் பிபிஓ வகை (மருத்துவரை நாமே தேர்ந்தெடுக்கக்கூடிய திட்டம்) என்றால் அந்தச் செலவு தகும். இன்றே உங்கள் மனிதவளத் துறையிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மெடிகேரிலும் ஒரு கவனம் தேவை. தனியார் நிறுவனங்கள் நடத்தும், மலிவாகத் தெரியும் மெடிகேர் அட்வாண்டேஜ் திட்டங்கள், ஊர் ஊராகச் சுற்றுபவர்களுக்குப் பொதுவாக ஒத்துவருவதில்லை. திட்டத்தின் எல்லைக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் உங்களை நீக்கிவிடவும் இடமுண்டு. அரசே நடத்தும் அசல் மெடிகேரும், அது தராத பங்கை ஈடுகட்டும் மெடிகேப் என்ற துணைத் திட்டமும் இருந்தால், மெடிகேரை ஏற்கும் எந்த மாநில மருத்துவரிடமும் போகலாம். மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பகுதியான பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால், உங்கள் உடல்நிலையைக் காரணம் காட்டி மெடிகேப் நிறுவனம் மறுக்க முடியாது. அந்தக் காலம் கடந்தபின் பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம்.

வண்டியைப் பொறுத்தவரை, டீசல் மோட்டார்ஹோம் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாற்பது அடி வண்டி ஓடும்போது சுகமாகத்தான் இருக்கும். தேசியப் பூங்காக்களில்தான் அதன் கஷ்டம் தெரியும். வண்டியை நிறுத்தித் தங்கும் பழைய முகாம்களில் பல, சிறிய வண்டிகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. கிளேசியர் பூங்காவின் கோயிங் டு த சன் சாலையில், மலைப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளை விடுவதே இல்லை, அதிலும் பக்கவாட்டுக் கண்ணாடிகளைச் சேர்த்தே அகலத்தை அளக்கிறார்கள். ஆகவே பெரிய வண்டி வாங்குபவர்கள் பின்னால் ஒரு காரையும் இழுத்துச் செல்கிறார்கள். இருவருக்கு 24 முதல் 28 அடிக்குள் உள்ள கிளாஸ் சி வண்டி (வேன் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய நடுத்தர மோட்டார்ஹோம்) போதும் என்பது என் கருத்து. எதுவானாலும், வாங்கும் முன் அதே வகை வண்டியை வாடகைக்கு எடுத்து, மழை பெய்யும் மாதத்தில் சில வாரம் அதற்குள் இருந்து பாருங்கள். வெயிலடிக்கும்போது எந்த வண்டியும் பெரிதாகத்தான் தெரியும்.

பழைய வண்டி வாங்கினால் டயரின் பக்கச் சுவரைக் குனிந்து பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3218 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். ஆர்வி டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடுகின்றன. பட்டன்கள் புதிது போலிருந்தாலும், ஆறேழு ஆண்டு கடந்த டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது.

வீட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம். வாடகைக்கு விட்டுப் பாருங்கள்.

கடலோரவாசி எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். நானும் என் கணவரும் குளிர்காலத்தில் ஃபுளோரிடாவில் வண்டியை நிறுத்திக்கொண்டு கப்பல் ஏறுவதும், கோடையில் மேற்கே செல்வதுமாக இருக்கிறோம். அதனால் கப்பல் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வண்டியையும் கப்பலையும் தனித்தனிப் பயணங்களாக நினைக்காமல் ஒரே நாட்காட்டியில் எழுதினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் நீங்கள் எப்படியும் தெற்கே இருக்கப்போகிறீர்கள். கரீபியன் செல்லும் கப்பல்களும் அப்போது மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், கனாவெரல், கால்வெஸ்டன் துறைமுகங்களிலிருந்து கிளம்புகின்றன. கோடையில் வடமேற்கே வந்தால் சியாட்டிலிலும் வான்கூவரிலும் அலாஸ்காக் கப்பல்கள் காத்திருக்கும். அலாஸ்காவுக்கு வண்டியிலேயே போய்விடலாமே என்று தோன்றும். 1942-இல் அமைக்கப்பட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை டாசன் கிரீக்கில் தொடங்கி உங்களை அழைத்துச் செல்லும் என்பதும் உண்மைதான். ஆனால் தலைநகரான ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. அங்குள்ள பனியாறுகளைக் காண கப்பல் அல்லது விமானம்தான் வழி. அலாஸ்காவின் உட்பகுதியிலுள்ள டெனாலி தேசியப் பூங்காவோ வண்டியில் பார்க்க வேண்டிய இடம். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது என்பதாலேயே நாங்கள் இரண்டையும் வைத்திருக்கிறோம்.

வண்டியை எங்கே விடுவது என்பதற்கு வருகிறேன். துறைமுக வாகன நிறுத்தங்களில் ஆர்வியை ஏற்பதுண்டு. நீளம் கூடினால் இரண்டு இடத்துக்கான கட்டணம் கேட்பார்கள். அடுக்கு நிறுத்தங்களுக்குள் உயரம் காரணமாக நுழையவே முடியாது. ஒரு வாரத்துக்கு மேல் போவதாக இருந்தால், துறைமுகத்திலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஆர்வி சேமிப்பு வளாகமோ, ஆளில்லாமல் வண்டியை நிறுத்த அனுமதிக்கும் முகாமோ நல்லது. கனாவெரலில் துறைமுக நிர்வாகமே ஜெட்டி பார்க் என்ற முகாமை நடத்துகிறது. முந்தைய நாட்களை அங்கே கழித்தால் கப்பல்கள் வாசலைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே பெட்டி கட்டலாம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றில் எதையும் விட்டுவிடக் கூடாது. கறுப்புத் தொட்டியையும் (கழிவறைக் கழிவு) சாம்பல் தொட்டியையும் (குளியல், பாத்திரம் கழுவும் நீர்) காலி செய்து கழுவ வேண்டும். குளிர்பெட்டியை முழுவதும் காலி செய்து, ஈரம் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி நடுவில் ஒரு துண்டைச் செருகி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபுளோரிடா வெப்பத்தில் திரும்பி வரும்போது கரும்பூஞ்சைதான் வரவேற்கும். எரிவாயு வால்வையும் தண்ணீர் பம்பையும் மூடுங்கள். எல்லாவற்றையும் அணைத்தாலும் எரிவாயுக் கசிவுக் கருவி போன்றவை பேட்டரியை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கூரையில் சூரியத் தகடு இல்லையென்றால் பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அந்த மாதங்களில் வண்டியை வளைகுடாக் கரையில் விட்டுவிட்டு நடுக்கடலில் இருப்பது நிம்மதியான காரியமல்ல, நாங்கள் செய்வதில்லை.

கப்பலில் மருத்துவம் குறித்தும் ஒரு வார்த்தை. மெடிகேர் கப்பலிலும் செல்லும் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் நிற்கும்போதோ, அத்துறைமுகத்துக்கு வருவதற்கு அல்லது அங்கிருந்து கிளம்பியதற்கு ஆறு மணி நேரத்துக்குள்ளோ மட்டுமே, அதுவும் வேறு சில நிபந்தனைகளுடன், கப்பல் மருத்துவரின் சிகிச்சைக்கு அது பணம் தரும். மெடிகேப் வகைகளில் 'ஜி' (G), 'என்' (N) போன்ற திட்டங்கள் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 250 டாலர் கழித்து 80 சதவீதம் தருகின்றன. ஆனால் அது பயணத்தின் முதல் 60 நாட்களுக்கு மட்டும். வாழ்நாள் உச்சவரம்பு 50,000 டாலர். ஹெலிகாப்டரில் கரை சேர்க்க வேண்டி வந்தால் அந்தத் தொகை போதாது. அவசரத்தில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீட்டைத் தனியாக எடுங்கள். முன்பணம் கட்டிய இரண்டு, மூன்று வாரத்துக்குள் எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான விலக்கைப் பல நிறுவனங்கள் தளர்த்துகின்றன.

நாடோடித்தம்பதி எழுதியது:

சாலைத்தோழன் அவர்கள் சொன்னதில் பெரும்பாலானவை சரி. வீட்டை விற்கக் கூடாது என்பதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தொலைவில் இருந்துகொண்டு வாடகை வீட்டைப் பராமரிப்பது ஓய்வு அல்ல, அது இன்னொரு வேலை. கொதிகலன் பழுதானால் மொன்டானாவில் நின்றுகொண்டு ஓஹாயோவில் ஆள் தேட வேண்டும். நாங்கள் விற்றோம், வருந்தவில்லை.

முகவரிக்கு டெக்சஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றில் ஒன்றையே முழுநேரப் பயணிகள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது, கடிதங்களைப் பெற்று அனுப்பிவைக்கும் சேவைகளும் நன்கு வேரூன்றியிருக்கின்றன. 1978-இல் தொடங்கப்பட்டு, டெக்சஸின் லிவிங்ஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி பயணிகள் சங்கத்தின் வழியாக நாங்கள் முகவரி பெற்றோம். நோயோ முதுமையோ வந்து ஓட்ட முடியாமல் போகும் உறுப்பினர்கள் தங்கள் வண்டியிலேயே உதவியுடன் வாழ்வதற்கான இல்லம் ஒன்றும் அங்கே இருக்கிறது. வீட்டை விற்பவர்கள் அதுபோன்ற ஒரு கடைசி ஏற்பாட்டையும் யோசித்துத்தான் ஆக வேண்டும். 26,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடை மதிப்பு உள்ள மோட்டார்ஹோம் வாங்கினால், டெக்சஸில் சாதாரண உரிமம் செல்லாது. வணிகம் சாரா கிளாஸ் பி உரிமம் எடுக்க வேண்டும். பலர் வண்டியை வாங்கிய பிறகே இதை அறிகிறார்கள்.

62 வயது நிறைந்த குடிமக்களும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்களும் 80 டாலருக்கு வாழ்நாள் தேசியப் பூங்கா அட்டை பெறலாம். பல கூட்டரசு முகாம்களில் பாதிக் கட்டணச் சலுகையும் கிடைக்கும். நீங்கள் இப்போதே வாங்கிக்கொள்ளலாம்.

ஓஹாயோவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 36 மாத விதியைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. மனிதவளத் துறைக்கு இன்றே எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். ஃபோர்ட் லாடர்டேலில் ஏறிப் பனாமா கால்வாய் வழியாக மேற்குக் கரையில் இறங்கும் பயணத்தில் மனைவிக்கு ஆசை இருக்கிறது. அப்போது வண்டி கிழக்கிலேயே நின்றுவிடுமே? மற்றொன்று, இட்லி, தோசை இல்லாமல் எங்களால் நெடுநாள் இருக்க இயலாது. வண்டியின் மின்சாரம் கிரைண்டருக்கு ஈடுகொடுக்குமா?

கடலோரவாசி எழுதியது:

கால்வாய்ப் பயணம் அவசியம் போங்கள். கடல்மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் உள்ள கட்டூன் ஏரிக்குக் கப்பலைப் படிப்படியாக ஏற்றி மறுபக்கம் இறக்குவதை, மேல்தளத்தில் நாள் முழுவதும் நின்று பார்த்தாலும் சலிக்காது. வண்டி பின்தங்குவது உண்மைதான். பிள்ளைகள் மேற்கில் இருப்பதால் இறங்கி அவர்களுடன் சில வாரம் இருந்துவிட்டு விமானத்தில் திரும்பி வண்டியை எடுப்பது எளிது. அல்லது தொடக்கத் துறைமுகத்துக்கே திரும்பும் பகுதிக் கால்வாய்ப் பயணங்களைத் தேர்ந்தெடுங்கள். அவை கட்டூன் ஏரி வரை ஏறிவிட்டு அட்லாண்டிக் பக்கமே இறங்கிவிடும்.

ஒருவழிப் பயணங்களை அடுத்தடுத்து இணைக்கும்போது மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க வேண்டுமானால், இடையில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும். கால்வாய்ப் பயணங்கள் கொலம்பியாவின் கார்த்தகேனாவில் நிற்பதால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். ஆனால் சியாட்டிலிலிருந்து வான்கூவர் வந்து, அதே கப்பலில் தொடர்ந்து அலாஸ்காவின் சுவார்டில் இறங்க நினைத்தால் அனுமதி கிடைக்காது. வான்கூவர் அந்தக் கணக்கில் தொலைதூரம் ஆகாது.

சாலைத்தோழன் எழுதியது:

கிரைண்டர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 24 முதல் 28 அடி வண்டிகளில் பெரும்பாலும் 30 ஆம்பியர் இணைப்புதான் இருக்கும். 120 வோல்ட்டில் அது 3,600 வாட். குளிர்சாதனம் ஏறக்குறைய 1,500 வாட், இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் 1,800 வாட், தண்ணீர் சூடேற்றி 1,400 வாட். மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். மாவு அரைக்கும் நேரத்தில் தண்ணீர் சூடேற்றியை எரிவாயுவுக்கு மாற்றிவிட்டால் கிரைண்டர் தாராளமாக ஓடும். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கருவி வேண்டாம். மின்மாற்றி ஒரு பக்கம் இடத்தை அடைக்கும், எடையும் கூடும். 110 வோல்ட்டில் ஓடும் சிறிய டேபிள்டாப் கிரைண்டர்கள் அமெரிக்காவிலேயே கிடைக்கின்றன. ஓடும்போது அதன் கல்லைத் தனியே எடுத்துத் துணியில் சுற்றி, தரையோடு ஒட்டிய அடியறையில் வையுங்கள். மேலடுக்கில் வைத்தால் முதல் திருப்பத்திலேயே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடும்.