1966 எம்ஜிபி ரோட்ஸ்டர்: ஸ்டீயரிங் ரொம்ப இறுக்கம், எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் போடலாமா?

கோவென்ட்ரி_எம்ஜி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பது), டைனமோ (பழைய வகை ஜெனரேட்டர்), பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி எல்லாம் அபிங்டன் ஃபாக்டரியிலிருந்து வந்தபடியே இருக்கு. முன்பு வைத்திருந்தவர் மாற்றியது இரண்டுதான்: 13 அங்குல லெதர் ஸ்டீயரிங் வீல், 185/70 டயர்.

பிரச்சனை ஸ்டீயரிங். ஓடும்போது சமாளிக்கலாம். நிறுத்தும் இடத்தில் வளைத்து எடுப்பதற்குள் உயிர் போகுது. எனக்கு இடது தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கு, அதனால் ஒரு கையை மட்டும்தான் நம்பி வளைக்க முடியும். இன்னொன்றும் கவனித்தேன்: ரவுண்டானாவிலிருந்து வெளியே வந்ததும் வீல் தானாக நேராவதில்லை, நான்தான் திருப்பிக் கொண்டுவரணும்.

ஸ்டீயரிங் காலமில் (வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டு) மோட்டார் வைத்த எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் கிட் விற்கிறாங்க. விலை குறைவில்லை, ஆனாலும் வாங்கத் தயார். என் வண்டிக்கு அது சரிப்படுமா? அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

குரோம்_பம்பர்_73:

அக்கா, கிட்டுக்குப் போகும் முன்னாடி காஸ்டர் வெட்ஜ் போட்டுப் பாருங்க. எம்ஜிபியின் முன் சக்கரத்துக்கு 7 டிகிரி காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) கொடுத்திருக்காங்க. அந்தக் காலத்து ஒல்லி டயருக்கு அது பொருத்தம், இப்போதைய அகல டயருக்கு அதிகம். முன் குறுக்குச்சட்டத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு தகடு வைத்தால் காஸ்டர் குறையும், ஸ்டீயரிங் இலகுவாகும். செலவும் கொஞ்சம்தான்.

பின்னாளில் வந்த ரப்பர் பம்பர் எம்ஜிபியின் ராக்கை (காலம் சுற்றுவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) மாட்டச் சொல்லி யாராவது வருவாங்க, கேட்காதீங்க. அதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்றரைச் சுற்று வரும், உங்களுடையதில் மூன்றுக்கும் குறைவு. இலகுதான், ஆனால் குறுக்குச்சட்டத்தில் ராக் உட்காரும் இடமே வேறு.

ஹரோ_கராஜ்:

தங்கச்சி, நீங்கள் எழுதினதில ஒரு வரிதான் முக்கியம். "வீல் தானாக நேராவதில்லை" எண்டு சொன்னீங்களே, அந்த வரி.

7 டிகிரி காஸ்டர் இருக்கிற கார் கையை விட்டால் தானா நேராக வரவேணும். அதுக்காகத்தான் அந்த 7 டிகிரி. பாரமா இருந்து தானாத் திரும்பியும் வந்தால், அது அகல ரயர், சின்ன வீல், காஸ்டர் சேர்ந்து செய்யிற வேலை எண்டு சொல்லலாம். பாரமாவும் இருந்து திரும்பியும் வராட்டில் எங்கையோ ஒரு இடம் இறுகிப்போய் இருக்குது. அதுக்கு மேல வெட்ஜ் போட்டால் கொஞ்சநஞ்சம் திரும்பி வர்ற சக்தியும் போயிடும். மோட்டர் போட்டால் இறுக்கம் கைக்குத் தெரியாமப் போயிடும், ஆனால் கிங்பின், அதாவது முன் சக்கரம் இடம் வலமாத் திரும்புற அச்சு, உள்ளுக்குத் தேஞ்சுகொண்டே இருக்கும். இரண்டும் இப்ப வேண்டாம்.

இப்பிடிப் பிரிச்சுப் பாருங்கோ. காரின்ர முன்பக்கத்தை ஜாக் பண்ணி, வடிவா ஸ்ராண்டில இருத்துங்கோ. இரண்டு பக்கமும் டை ராட் எண்டை (ராக்கைச் சக்கரத்தோட இணைக்கிற மூட்டு) கழட்டுங்கோ. போல்ட்டின்ர மரையில சுத்தியலால அடிக்க வேண்டாம், ஸ்டீயரிங் ஆமில இருக்கிற கண்ணுக்குப் பக்கவாட்டில அடிச்சால் விடுபடும், இல்லாட்டில் ஸ்பிளிட்டர் பாவியுங்கோ. பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால இடம் வலமாத் திருப்புங்கோ. சீரா, ஒரே அளவு பாரத்தோட திரும்பவேணும். ஒரு பக்கம் இறுகினால் அந்தப் பக்கக் கிங்பின்.

அதுக்குப் பிறகு காருக்குள்ள இருந்து ஸ்டீயரிங் வீலை மட்டும் திருப்புங்கோ. டை ராட் கழண்டு இருக்கேக்க இரண்டு விரலால சுத்தக் கூடியதா இருக்கவேணும். பாரமா இருந்தால் காலமையும் ராக்கையும் இணைக்கிற யூனிவர்சல் ஜாயின்ட்டின்ர பிஞ்ச் போல்ட்டைக் கழட்டி, ராக் வேற காலம் வேற எண்டு பிரியுங்கோ. முழுக்கப் பாரமா, இல்லாட்டில் ஒரு சுத்துக்கு இரண்டு தரம் இறுகி விடுதா எண்டதையும் கவனியுங்கோ. ஒரு சுத்துக்கு இரண்டு தரம் எண்டால் யூனிவர்சல் ஜாயின்ட் இறுகியிருக்கும், இல்லாட்டில் காலமும் பினியனும் (ராக்கைத் தள்ளுற பல்சக்கரம்) நேரா இல்லை.

கிறீஸ் அடிக்கேக்க சக்கரம் தொங்கிக்கொண்டு இருக்கவேணும். காரின்ர பாரம் கிங்பின்னில இருந்தால் தேவையான இடத்துக்குக் கிறீஸ் போகாது. ஒரு பக்கத்துக்கு மூண்டு நிப்பிள் இருக்குது, கீழ இருக்கிறதைத்தான் ஆட்கள் விட்டிடுவினம். ராக்குக்குக் கிறீஸ் வேண்டாம், அதுக்கு 90 நம்பர் கியர் ஒயில். கிறீஸ் கன்னால ராக்கை நிரப்பி வைச்ச கார் நிறைய வந்திருக்குது. அது நடுவில தள்ளுப்பட்டு ஓரத்திலயே நிக்கும், பல்லுக்குத் திரும்பி வராது.

குரோம்_பம்பர்_73:

ஹரோ அண்ணன் சொல்வது நியாயம். தானாகத் திரும்பாத விஷயத்தை நான் கணக்கில் எடுக்கலை. அக்கா, வெட்ஜை இப்போதைக்கு விடுங்க.

பின்னால் எப்போதாவது போட்டால் ஒன்றை மறக்காதீங்க: ராக் உட்கார்ந்திருப்பதே அந்தக் குறுக்குச்சட்டத்து மேல்தான். சட்டத்தைச் சாய்த்தால் ராக்கும் சாயும், காலமும் பினியனும் சேரும் கோணமும் மாறும். வெட்ஜ் போட்டுவிட்டுக் காலமைத் திரும்ப நேர் பார்க்காமல் விட்டால் புதுசா ஒரு இறுக்கம் வந்து சேரும்.

கோவென்ட்ரி_எம்ஜி:

நண்பர் ஒருவர் துணையோடு பிரித்துப் பார்த்தாச்சு. ஹரோ அண்ணா சொன்ன வரிசையிலேயே போனோம்.

வலது சக்கரம் அருமையாகத் திரும்புது. இடது சக்கரம் நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகும்போது அப்படியே பிடிக்குது, விட்டால் விட்ட இடத்திலேயே நிற்குது. கீழ் நிப்பிளில் கிரீஸ் இறங்கவே இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே பழைய கிரீஸ் கறுப்பு மெழுகாகக் காய்ந்து துளையை அடைத்திருக்கு. த்ரஸ்ட் வாஷரில் துரு.

டை ராட் இல்லாமல் வீலைச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கெட்டியாகுது. பிஞ்ச் போல்ட்டைக் கழற்றியதும் ராக் தனியாக இலகுவாகத்தான் இருக்கு, காலமும் தனியாக நல்லா சுற்றுது. சேர்த்தால்தான் பிடிக்குது.

கிங்பின்னைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டலாமா, மாற்றணுமா?

ஹரோ_கராஜ்:

துருப் பிடிச்ச வாஷரைத் திரும்பப் போட வேண்டாம். வெறும் கிங்பின் வாங்கினால் புது புஷ்ஷை அளவுக்கு ரீமர் பண்ணவேணும், அந்த ரீமர் எல்லாரிட்டையும் இருக்காது. கிங்பின்னோட சேர்த்துப் புதுப்பிச்ச ஸ்விவல் அக்சில், பழசைக் குடுத்தால், எக்ஸ்சேஞ்சில கிடைக்கும், அதுதான் வசதி. மேல நட்டை இறுக்கின பிறகு திரும்பவும் கையால திருப்பிப் பாருங்கோ. மேலும் கீழும் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. இறுகினால் த்ரஸ்ட் வாஷரின்ர தடிப்பை மாத்தவேணும், அது பல அளவில வருது. வலது பக்கம் நல்லா இருந்தால் கிறீஸ் அடிச்சு விடுங்கோ.

யூனிவர்சல் ஜாயின்ட்டைக் கையில எடுத்து இரண்டு பக்கமும் மடக்கிப் பாருங்கோ. தாராளமா மடங்கினால் பிழை அதில இல்லை, கோணத்திலதான். காலமைப் பிடிக்கிற பிராக்கெட் போல்ட் எல்லாத்தையும் தளர்த்துங்கோ. காலமின்ர மையக் கோடும் பினியனின்ர மையக் கோடும் ஜாயின்ட்டின்ர நடுவில சந்திக்கவேணும். ஃபாக்டரியில அதுக்கு முள்ளு வைச்ச கேஜ் இருந்தது. வீட்டில செய்யிறதெண்டால் எல்லாத்தையும் தளர்வா விட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சுத்திக் காலம் தானா இருக்கிற இடத்தைப் பிடிக்க விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ. இறுக்கின ஒவ்வொரு தரமும் சுத்திப் பாருங்கோ. ராக்குக்கு அடியில மெல்லிய ஷிம் இருந்தால் தொலைச்சிடாதீங்கோ, அது உயரத்துக்காக வைச்சது.

கடைசியில் டோ-இன் (முன் சக்கரம் இரண்டும் முன்பக்கத்தில உள்ளுக்குத் திரும்பி நிக்கிற அளவு) அளவெடுக்கவேணும், 1/16 அங்குலத்தில இருந்து 3/32 அங்குலத்துக்குள்ள.

கோவென்ட்ரி_எம்ஜி:

வேலை முடிந்தது. இடது பக்கம் எக்ஸ்சேஞ்ச் ஸ்விவல் அக்சில், காலம் நேர்படுத்தியாச்சு, டோ-இன் பார்த்தாச்சு. டயரை 165க்கு மாற்றினேன். பழசின் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு வயதான டயர் என்று தெரிந்தது. ஸ்டீயரிங் வீலும் 15 அங்குலமாச்சு.

வண்டி வேறு வண்டி ஆகிவிட்டது. ரவுண்டானாவில் விரலைத் தளர்த்தினால் வீல் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு நேராகுது. இதுதான் எம்ஜிபி என்று யாரும் எனக்குக் காட்டியதே இல்லை.

நின்ற இடத்தில் வளைப்பது பாதியாகக் குறைந்திருக்கு. நல்ல தோள் உள்ளவருக்கு இது தாராளமாகப் போதும். எனக்கு இன்னும் வலிக்குது. அதனால் மோட்டார் பக்கம் திரும்பவும் வருகிறேன். இப்போது போடலாமா?

வயரிங்_பர்மிங்காம்:

அக்கா, இப்போ போடலாம். இறுக்கத்தை மறைக்கப் போடலை, தோளுக்காகப் போடுறீங்க. நானும் என் எம்ஜிபியில் போட்டிருக்கேன், அதனால் மின்சாரப் பக்கத்தை மட்டும் சொல்றேன்.

முதலில் டைனமோ. உங்க வண்டியில் இருக்கும் சி40 அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான். பார்க்கிங்கில் எஞ்சின் ஐடிலில் இருக்கும். மோட்டார் அதிகம் இழுப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். முழுச்சுமையும் பேட்டரி மேல் விழும். ஆல்டர்னேட்டர் (டைனமோவுக்குப் பதிலாக வந்த ஜெனரேட்டர்) இல்லாமல் இதைத் தொடாதீங்க.

அடுத்தது பாசிட்டிவ் எர்த். இந்த மோட்டார்களின் கன்ட்ரோல் யூனிட் நவீன கார்களிலிருந்து வந்தது, நெகட்டிவ் எர்த்தில்தான் வேலை செய்யும். எம்ஜியே 1967 கடைசியில் மார்க் 2 வந்தபோது நெகட்டிவ் எர்த்தும் ஆல்டர்னேட்டரும் கொடுத்தது. நீங்க அதே மாற்றத்தைச் செய்யணும்: பேட்டரி இணைப்பை மாற்றி, இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றணும். எல்லோரும் கோட்டைவிடுவது ஆர்பிஎம் மீட்டரில். உங்க வருஷத்து மீட்டர் எலக்ட்ரானிக், பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்தது. அதை உள்ளே மாற்றாமல் இணைக்காதீங்க. ரேடியோ இருந்தால் அதையும் கழற்றிவிடுங்க.

மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து தனி கனமான ஒயர், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். பழைய ஃப்யூஸ் பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாது. எர்த் ஒயரும் அதே கனத்தில் இருக்கணும்.

எவ்வளவு உதவி வேணும் என்று கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் வரும். பெரும்பாலோர் முழுசாகத் திறந்துவைத்துவிட்டு "சாலையே தெரியலை" என்பாங்க. உங்க தோளுக்கு வலி வராத அளவு வந்ததும் நிறுத்துங்க. மோட்டாருக்கும் கொஞ்சம் உராய்வு உண்டு, அது வீல் தானாகத் திரும்புவதைச் சற்றுக் குறைக்கும். அதனால் அந்த 7 டிகிரியை அப்படியே வைத்திருங்க, வெட்ஜ் வேண்டாம்.

ஹரோ_கராஜ்:

தம்பி சொன்னது எல்லாம் சரி. இரண்டு விசயம் மட்டும் சேர்க்கிறன்.

சில இடத்தில பழைய காலமைத் திருப்பிக் குடுத்தால் விலை குறைப்பினம். குடுக்க வேண்டாம், எண்ணெய் பூசிச் சுத்தி வைச்சிருங்கோ. 1966 காலம் உங்கட காரோட பிறந்தது. மோட்டர் பூட்டின பிறகும் காலம், பினியன் நேரைத் திரும்ப ஒருக்காப் பாருங்கோ.

காகித வேலையையும் விட வேண்டாம். இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில அறிவியுங்கோ. 40 வருசம் தாண்டின கார் எண்டு எம்ஓடி (பிரிட்டனில வருசாந்த வாகனப் பரிசோதனை) இல்லாமல் ஓடுறீங்கள் எண்டால், ஸ்டீயரிங்கின்ர வகையை மாத்திறது பெரிய மாற்றம் எண்டு அரசாங்க வழிகாட்டியில இருக்குது. பாதுகாப்புக்காகவும் செயல்திறனுக்காகவும் ஓடுபாகங்களில செய்யிற மாற்றத்துக்கு அதே வழிகாட்டியில விலக்கும் இருக்குது. ராக் அப்பிடியே இருக்க உதவி மட்டும் சேர்க்கிறீங்கள், அதால பயப்பிடத் தேவையில்லை. ஆனாலும் வருசத்துக்கு ஒருக்கா விரும்பி எம்ஓடி செய்யுங்கோ. அடுத்த தரம் கிங்பின் இறுகினால் மோட்டர் உங்களுக்குச் சொல்லாது, சக்கரத்தைத் தூக்கிப் பாக்கிற ஆள்தான் சொல்லவேணும்.

கோவென்ட்ரி_எம்ஜி:

ரொம்ப நன்றி, எல்லோருக்கும். முதலில் ஆல்டர்னேட்டரும் நெகட்டிவ் எர்த்தும், ஆர்பிஎம் மீட்டரை மாற்ற அனுப்பிவிடுகிறேன். அது திரும்பி வந்து எல்லாம் ஒழுங்காக ஓடுது என்று தெரிந்த பிறகுதான் கிட் வாங்குவேன். பழைய காலம் என்னிடமே இருக்கும், ஹரோ அண்ணா. பொருத்தி முடித்ததும் குமிழ் எந்த அளவில் எனக்கு ஒத்துவந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.