ஓவியமும் உடையும் அருகருகே: வெளிச்சம் ஒத்துவரவில்லை, உதவுங்கள்

அருங்காட்சியக அறை ஒன்றில் பட்டு கவுனையும், அது பிறக்கக் காரணமான எண்ணெய் வண்ண ஓவியத்தையும் அருகருகே வைக்கிறோம். பட்டுக்கு 50 லக்ஸுக்கு (பொருள் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) மேல் கூடாது. ஓவியம் 200 வரை தாங்கும். 50-இல் ஓவியத்தின் அடர் நீலம் கறுப்பாகத் தெரிகிறது. கூட்டினால் ஒளி கவுன் மேல் சிதறுகிறது.

இரண்டையும் பிரித்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. 1965-இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான், ஓவியர் மோந்திரியானின் வண்ணக் கட்டங்களை உடையாக்கியபோது துணியில் அச்சடிக்கவில்லை. வண்ணத் துண்டுகளைத் தனித்தனியே வெட்டி, தையல் வெளியே தெரியாதபடி இணைத்தார். அப்படிப்பட்ட உழைப்பு ஓவியத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் பிடிபடும்.

ஒளி பரவாமல் தடுக்கும் ஷட்டர் வைத்த எல்இடி ஸ்பாட் விளக்கு போட்டோம்: நேர் ஒளி அடங்கியது, தரையில் பட்டுத் திரும்புவது அடங்கவில்லை. கவுனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் ஓவியம் அதில் பிரதிபலிக்கிறது. சுவருக்கு அடர் சாம்பல் பூசியதில் பெரிய மாற்றமில்லை. அறை சிறியது, கூரை தாழ்வு, ஜன்னல் கிடையாது. அடுத்த மாதம் திறப்பு. மூன்று மாதம் நடக்கும்.

கவுன் மேல் 50 லக்ஸைத் தாண்டாமல், இரண்டும் ஒரே பார்வையில் தெரியும்படி ஓவியத்தின் நிறத்தை மீட்க என்ன வழி?