அம்மனை ஓரத்தில் வைத்த பெனர்: சாய்ந்திருக்கிறதா, இல்லையா?

ஹட்டன்_டிசைன்: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆறடிக்கு மூன்றடியில் ஒரு பெனர் செய்தேன். இடது ஓரத்தில், மூன்றில் ஒரு பங்கு இடத்தில், குங்குமச் சிவப்பில் அம்மன் முகம். மீதி முழுக்க வெளிர் மஞ்சள். அதில் மூன்று வரி எழுத்து, கீழே வலது மூலையில் கரும்பழுப்பு நிறத்தில் சின்னதாக ஓர் உடுக்கை. "ஒரு பக்கம் சாஞ்சு கிடக்கு" என்று கோயில் கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. நீங்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை_பிரிண்ட்: சாய்ந்துதான் இருக்கிறது தம்பி. சாமி நடுவில், இருபுறமும் குத்துவிளக்கு, மேலே தோரணம். கர்ப்பக்கிரகத்தில் அம்மனை ஓரத்திலா வைத்திருக்கிறார்கள்? வளைவில் திரும்பும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவனுக்கு நடுவில் இருப்பதுதான் கண்ணில் படும்.

சித்திரம்_டீச்சர்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது சமச்சீர். சமநிலைக்கு அது ஒரு வழி, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் பாரம் அளவை மட்டும் வைத்து வருவதில்லை. கடும் நிறம் வெளிர் நிறத்தைவிடக் கனம். தனியாக நிற்பது கூட்டத்தில் நிற்பதைவிடக் கனம். நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகக் கனம் கூடும், நெம்புகோல் கணக்குத்தான். நம் இலங்கைத் தேசியக் கொடியைப் பாருங்கள். ஒரு பக்கம் பச்சையும் காவியுமாக இரண்டு பட்டைகள், மறுபக்கம் அதைவிடப் பெரிய கருஞ்சிவப்புக் கட்டத்தில் வாளேந்திய சிங்கம். (அதன் அரசியலை வேறு திரியில் பேசிக்கொள்வோம்.) பாதிக்குப் பாதி இல்லை, ஆனால் கொடி சாய்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? சிங்கம் பட்டைகளைப் பார்த்து நிற்பதால் நம் கண்ணும் அங்கே போய் வருகிறது.

கொட்டகலை_பிரிண்ட்: சுற்றி மஞ்சள் கரை கட்டியிருப்பதால் நிற்கிறது டீச்சர்.

சித்திரம்_டீச்சர்: கரை உதவுகிறது, சரி. கரை மட்டும் போதுமென்றால் சிங்கத்தை மறுபக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள். கொடியை விட்டே நடந்து போய்விடும்.

பதுளை_கிராபிக்ஸ்: டீச்சர், கொடி உதாரணம் இங்கே பொருந்தாது. சிங்கம் பக்கவாட்டில் பார்க்கிறது, அம்மன் நேராக நம்மைப் பார்க்கிறாள். நேராகப் பார்க்கும் முகம் கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எழுத்துப் பக்கம் அனுப்பாது. நடுவில் வைக்கத் தேவையில்லைதான். ஆனால் அவ்வளவு சிவப்பை இந்த உடுக்கை ஒன்றே தாங்காது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831 வாக்கில் செய்த அலைப் படத்தில் இடப்பக்கம் பிரமாண்டமான அலை, தூரத்தில் பூஜி மலை சுண்டுவிரல் அளவுதான். அலையின் வளைவே கண்ணை மலைக்குக் கொண்டுபோகிறது. இந்தப் பெனரில் அந்த வளைவு எங்கே?

ஹட்டன்_டிசைன்: அப்படியென்றால் சூலத்தைச் சாய்த்து வைக்கலாமா? அடி அம்மன் பக்கம், முனை முதல் வரியை நோக்கி.

கொட்டகலை_பிரிண்ட்: சூலத்தைச் சாய்ப்பதற்கு முன் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேள். வேப்பிலைக் கொத்து என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அது தானாகவே வளையும். அப்பவும் நான் நடுவில்தான் வைப்பேன். நடுவில் அடுக்குவது பழம்பாணி என்று 1928இல் முழங்கிய அச்சு வடிவமைப்பாளர் யான் சிஹோல்ட், 1947இல் இங்கிலாந்துக்குப் போய் பெங்குவின் புத்தக அட்டைகளை நடுவில் அடுக்கித்தான் திருத்தினார். அவருக்கே அப்படி!

சித்திரம்_டீச்சர்: அது கையில் வைத்து நிதானமாகப் பார்க்கும் புத்தகம். உங்கள் பஸ் வாதத்தை நீங்களே உடைக்கிறீர்கள் அண்ணே.

ஹட்டன்_டிசைன்: கமிட்டியிலிருந்து இப்போது புது மெசேஜ். காலியாகக் கிடக்கும் இடத்தில் தலைவர் போட்டோவைப் போட வேண்டுமாம்.

பதுளை_கிராபிக்ஸ்: போட்டால் பாரம் என்னவோ சரியாகிவிடும், மனித முகம் அவ்வளவு கனம். அப்புறம் பெனரில் இரண்டு சாமி. போட்டே ஆக வேண்டுமென்றால் முத்திரை அளவில், கறுப்பு வெள்ளையில், உடுக்கை இருக்கும் மூலையில் வையுங்கள்.

கொட்டகலை_பிரிண்ட்: கறுப்பு வெள்ளையிலா? கண்ணீர் அஞ்சலி என்று நினைத்து மொத்தத் தோட்டமும் தலைவர் வீட்டுக்குக் கிளம்பிவிடும்.