பேட்டரி இல்லாத, ஸூம் இல்லாத, குறி பாக்குற சைட்டு: பம்ப் துப்பாக்கிக்கு எது நல்லாருக்கும்?

செம்பனை_குமரன் (பாஹாவ்):
வணக்கம். பழைய மரத்த தள்ளிட்டு மறுநடவு பண்ணிருக்கோம், காட்டுப்பன்னி வந்து செம்பனை கன்னுங்களோட குருத்த நோண்டி தின்னுட்டுப் போகுது, காலைல போய்ப் பாத்தா வயிறு எரியுது. துப்பாக்கி லைசென்ஸ் என் பேர்லதான், பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) லைசென்ஸும் எடுத்தாச்சு. மோஸ்பெர்க் 500, 12 போர். மேல மாட்டியிருந்த ரெட் டாட் (சிவப்புப் பொட்டு காட்டுற சைட்டு) ஈரத்துல பேட்டரி முனை பச்சை பூத்து, தேவைப்படுற நேரத்துல எரியவே மாட்டேங்குது. 20, 30 மீட்டர்தான் தூரம், ஸூம் வேணாம். ரைஃபிளுக்கு வர்ற சைட்டா இருந்தாலும் பரவால்ல, பேட்டரியே இல்லாம என்ன இருக்கு? வயசு 50 தாண்டிடுச்சு, குழல் முனைல குறி பாக்க இருக்குற முன் குண்டுமணி மங்கலாத்தான் தெரியுது.

கித்தாக்காடு (சுங்கை சிப்புட்):
அண்ணே, 1x ப்ரிஸம் (ஸூம் இல்லாத கண்ணாடி சைட்டு) பாருங்க. குறி வைக்கிற கோட்ட கண்ணாடியிலயே கீறி வச்சிருப்பான், பேட்டரி செத்தாலும் கருப்பா தெரியும். பின்பக்கத்த திருப்பி உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி கூர்மையாக்கிக்கலாம், சிலிண்டர் பவர் உள்ளவங்களுக்கு ரெட் டாட் வால் முளைச்ச மாதிரி தெரியும்ல, அந்தத் தொல்லையும் இதுல இல்ல.

தோட்டத்து_ராஜா (தாப்பா):
ப்ரிஸம் நல்ல பொருள்தான், ஆனா 12 போருக்கு யோசிக்கணும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மூணு நாலு இஞ்ச்தான் இருக்கும், ஸ்லக் (ஒரே பெரிய குண்டு உள்ள தோட்டா) போட்டு அடிச்சா புருவத்த கிழிச்சிடும். அதோட விடியக்காலைல கருப்புப் பன்னி மேல கருப்புக் கோடு, எங்கருந்து தெரியும்?

பேட்டரியே வேணாம்னா ட்ரிஜிகான் கம்பெனியோட ஆர்எம்ஆர் டாட்ல ஒரு மாடல் இருக்கு, பகல்ல ஃபைபர் வெளிச்சத்த வாங்கி பொட்ட எரிய வைக்கும், இருட்டுல ட்ரிடியம்ங்கிற வாயு எரிய வைக்கும். மெப்ரோலைட் எம்21 அதே வழிதான், ஆனா இஸ்ரேல் சரக்கு, நம்ம நாட்டுல எதிர்பாக்காதீங்க. ட்ரிடியத்தோட அரை ஆயுள் 12.3 வருஷம், அதனால செகண்ட் ஹேண்ட்ல பழசு வாங்கினா பொட்டு பாதி மங்கியிருக்கும். அது கதிரியக்கப் பொருள் வேற, அணுசக்தி இலாகாகிட்ட கேக்காம கொண்டுவராதீங்க.

பழைய_கங்காணி (தெலுக் இந்தான்):
தம்பி ராஜா சொன்னதுல ஒன்னு விட்டுப்போச்சு. ஃபைபர் நீங்க நிக்கிற இடத்து வெளிச்சத்தத்தான் வாங்கும், பன்னி நிக்கிற இடத்து வெளிச்சத்த இல்ல. பெரிய செம்பனை நிழல்ல நின்னுக்கிட்டு வெளிச்சமான கன்னுக்காட்டப் பாத்து குறி வச்சா பொட்டு கரைஞ்சு போயிடும், குமரன் தம்பிக்கு நடக்கப்போறது அப்படியே இதுதான். சூரிய ஒளில ஓடும்னு விக்கிற டாட்டுல பலதுக்கு உள்ளுக்குள்ள பேட்டரியும் இருக்கும், நல்லா பாத்து வாங்குங்க.

என் கருத்து, வளையம் சைட்டு போடுங்க, கோஸ்ட் ரிங்னு கேட்டா குடுப்பாங்க. பின்னாடி கண்ணுக்கிட்ட பெரிய ஓட்டையோட மெல்லிய வளையம், முன்னாடி ஃபைபர் பொட்டு. முன் பொட்டு வெயில்ல கண்ணு கூசுற அளவுக்கு எரியும், மேகமூட்டத்துலயும் தெரியும். வளையத்த பாக்கக்கூடாது, அது வழியா பாக்கணும், கண்ணு தானா நடுவ பிடிச்சுக்கும். கண்ணாடியே இல்லாததால நம்ம ஊரு காலைப் பனில ஆவி பிடிக்காது, மழைல துடைச்சுக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. ஓட்டை சின்னதானா முன் பொட்டு கூர்மையா தெரியும், உங்க வயசுக்கு அது உதவும், ஆனா வெளிச்சம் குறையும். அதனால உள்வளையத்த கழட்டி மாத்துற மாதிரி வாங்கிக்கோங்க, விடியல்ல பெருசு, வெயில் வந்ததும் சின்னது.

ஃபைபர் பொட்டு இருட்டுல எரியாது, உண்மை. பொட்டே தெரியாத இருட்டுல பன்னியா ஆளான்னும் தெரியாது. விடியுறதுக்கு முன்னாடியே தோட்டத்துல வேலையாளுங்க நடமாட்டம் இருக்கு, அந்த நேரத்துல சுடவே கூடாது.

செம்பனை_குமரன்:
ரொம்ப நன்றி அண்ணே. மோஸ்பெர்க் மேல நாலு ஸ்க்ரூ ஓட்டை அடைச்சு இருக்கு, அதுல ரயில் (சைட்டு மாட்டுற பட்டை) போட்டு வளையம் மாட்டலாமா? இப்ப உள்ள குண்டுமணிய கழட்டணுமா?

பழைய_கங்காணி:
மாட்டலாம். ஆனா ரயில் வச்சா பின் வளையம் உயரும், பழைய குண்டுமணி தாழ்ந்து போயிடும், அடி மேல போகும். அதனால முன் பொட்டும் அதே உயரத்துக்கு சேத்து, ஒரே செட்டா வாங்குங்க. ஆன்லைன்ல வெளிநாட்டுலருந்து தருவிக்காதீங்க, லைசென்ஸ் புக்க எடுத்துக்கிட்டு துப்பாக்கிக் கடைக்கே போங்க, அதுக்கு முன்னாடி ஐபிடி (மாவட்ட போலீஸ் தலைமையகம்) லைசென்ஸ் கவுண்டர்லயும் ஒரு வார்த்த கேட்டுடுங்க. மாட்டினதும் நீங்க வழக்கமா போடுற தோட்டாவ வச்சே 25 மீட்டர்ல அட்டையில அடிச்சு சரி பண்ணுங்க, ஸ்லக் ஒரு இடத்துல விழும், எஸ்ஜி (பல குண்டு உள்ள தோட்டா) வேற இடத்துல விழும்.